எட்டாவது பாகம்

மண்டபம் வடகரை. காலை பதினொன்று.
காப்பீட்டுப் படிவத்தின் முதுகில்
ஒரு செங்கோண முக்கோணம் வரைகிறேன்.
நிற்கிற கோடு ஆழம்.
சாய்ந்த கோடு கயிறு.
படுத்த கோடுதான் வழக்கு.

சீனி இபுராகிம் படகின் அணியத்தில்
இரண்டு பலகை பிளந்திருக்கிறது.
அதன் பச்சைப் பெயின்ட்
பெர்க்மான்ஸ் படகின் அமரத்தில் ஒட்டியிருக்கிறது.
இடித்ததை யாரும் மறுக்கவில்லை.
எப்படி என்று கேட்கத்தான்
பரமக்குடியிலிருந்து என்னை அனுப்பியிருக்கிறார்கள்.

"ஆறு பாகந்தான் விட்டேன்"
செல்போன் உறையிலிருக்கும் மாதாவைத் தொட்டுக்கொண்டு
பெர்க்மான்ஸ் சொல்கிறார்.
அணியத்திலிருந்து அடிமணல் மூன்று பாகம்.
ஆறில் மூன்று பாதி.
சைன் பாதி என்றால் முப்பது பாகை;
பத்தாம் வகுப்பிலிருந்து
கூப்பிடாமலே கூடவருவது இது ஒன்றுதான்.
கொசைனைப் பெருக்கினால் ஐந்து புள்ளி இரண்டு.
படகு நீளம் ஆறைச் சேர்த்தால்
பதினொன்றும் சொச்சமும்.

சீனி இபுராகிமின் கயிறு ஐந்து.
ஐந்துக்கு மூன்று நின்றால் நான்கு படுக்கும்,
மிச்சமில்லாமல், கால்குலேட்டரைத் தொடாமல்.
நங்கூரங்களுக்கு நடுவே ஒன்பது.
ஒன்பதும் நான்கும் பதின்மூன்று.
ஆக அந்த இரவில்
ஓர் அமரத்துக்கும் ஓர் அணியத்துக்கும் இடையே
இரண்டு பேர் கைவிரித்து மிதக்க
ஏறக்குறைய இடமிருந்தது.

என் முக்கோணம் இடிக்க மாட்டேன் என்கிறது.

கயிறு கோடில்லைதான்.
அமைதியான தண்ணீரில் அது தொய்ந்து கிடக்கும்,
என் கணக்கு செல்லாது.
கச்சான் முழுப்பலத்தோடு இழுக்கும்போதுதான்
கயிறு நேராகிறது.
பாடப்புத்தகம் மெய்யாவதற்கு
அப்படியொரு காற்று வேண்டியிருக்கிறது.
அன்றைக்கு அடித்தது அந்தக் காற்று.

வரைந்ததையே பார்த்துக்கொண்டிருந்த பெர்க்மான்ஸ்
எச்சில் விழுங்கினார்.
"மணி ரெண்டு இருக்கும். நங்கூரம் உழுதுக்கிட்டு வந்துச்சு.
இன்னும் ரெண்டு பாகம் எறக்கிவிட்டேன்."

செங்குத்தான கயிறு நங்கூரத்தைக் கிளப்பும்.
படுத்த கயிறுதான் அதை மணலில் கடிக்கவைக்கும்.
எட்டில் மூன்று. இருபத்திரண்டு பாகை.
அவர் சைனைக் குறைத்தார்,
கொசைன் கூடிப்போயிற்று.
ஒன்றைத் தொடாமல் மற்றதைத் தொட
வழியே இல்லை.

ஏழு புள்ளி நான்கு.
படகோடு பதின்மூன்று புள்ளி நான்கு.
மிகுதி, அடிக்கணக்கில், இரண்டரைக்குச் சற்றுக் குறைவு.
உடைந்த பலகையில் டேப்பை வைத்தேன்:
இரண்டடி மூன்று அங்குலம்.

கவனக்குறைவா? ஆம். இல்லை.
படிவத்தில் இரண்டே கட்டம்.

அதுவரை தள்ளி நின்று
பிளந்த பலகையில் மீன்செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்த
சீனி இபுராகிம் சொன்னார்:
"அந்நேரம் நானும் விட்டுருப்பேன் மேடம்.
எங்கிட்ட மொத்தமே அஞ்சு பாகந்தான் இருந்துச்சு."

பக்கத்தில் இன்னொரு முக்கோணம் வரைந்து
அவருக்கும் எட்டு என்று போட்டுப் பார்த்தேன்.
இரண்டு படகும் ஒரே காற்றில் ஆடின.
தொடவில்லை.

படிவத்தைத் திருப்ப வேண்டும் இனி.