வேலிக்குச் சாட்சி

மணிக்கு எண்பத்தைந்து டாலர். டீசல் என்னுடையது.
"முழுசா அடிச்சிடு ரோண்டா" என்றார் வெர்லின் ஹாஸ்கெட்,
"ஓடை வரைக்கும் என் நிலம்தான்."
மார்ச் முதல் வாரம், மிசௌரியின் தெற்கு மேடு.
காடைகள் முட்டையிட இன்னும் நாளிருக்கிறது.

புதரை முகம் காட்டி மோதக் கூடாது.
முதுகு காட்டித்தான் நுழைய வேண்டும்:
வெட்டியை இடுப்பளவு தூக்கி,
பின்கியரில் ஊர்ந்து,
முள்ளின் தலைமேல் அதை மெல்ல உட்காரவைக்க வேண்டும்.
சிடார் கன்று என்றால் பென்சில் சீவிய வாசம்.
காட்டுரோஜாவுக்கு வாசமே இல்லை,
சங்கிலித் திரையில் வந்து விழும் சத்தம் மட்டும்.
இருபது வருடம் ஒருவரும் நுழையாத மூன்று ஏக்கர்.
இந்தத் தொழிலில் முதலில் தேய்வது கத்தி இல்லை, கழுத்து.
பின்னால் பார்த்துப் பார்த்தே முன்னேறுகிற வேலை.

பதினொன்றரைக்குச் சத்தம் மாறியது.
கல் என்றால் டங். அடிக்கட்டை என்றால் தொம்.
இது இருமல்.
இருமி, இழுத்து,
போல்ட் அறுந்து
தண்டு மட்டும் சும்மா சுற்றியது.
ஒரு டாலர் போல்ட்;
அது செத்தால்தான் கியர்பெட்டி பிழைக்கும்.

நிறுத்தினேன். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டேன்.
கத்தி நின்றுவிட்டது என்று காது சொல்லும்,
கண் சொல்லும்வரை இறங்கக் கூடாது.
ஓரின் பெக்கின் இடதுகால் காதை நம்பியது.

முட்டுக்கட்டை கொடுத்து அடியில் மல்லாந்தேன்.
அச்சைச் சுற்றி முள்கம்பி,
சடை பின்னினாற்போல் நாலு இழை.
வெட்ட வெட்டத் துரு கண்ணில் கொட்டியது.
முதல் அரைமணி நேரம் திட்டினேன்.
அப்புறம்தான்
கம்பி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன்.

மறுமுனை புதருக்குள் போனது.
பிடித்துக்கொண்டே போனேன்.
ஓசேஜ் மரக் கம்பம். சாய்ந்திருந்தது, மக்கவில்லை.
கத்தியால் சுரண்டினால் உள்ளே இன்னும் மஞ்சள்.
பதினைந்தடி தள்ளி இன்னொன்று.
அதற்கப்பால் இன்னொன்று.
நூல் பிடித்தாற்போல் ஒரு வரிசை,
ஓடைக்கு முப்பதடி இந்தப் பக்கம்.

ஓடைக்கு அந்தக் கரையில் அல்மெடா புரூயிட்டின் வீடு.
அவளும் ஹாஸ்கெட்டும் பேசி ஒன்பது வருடம்.
காரணம் கவுண்டி முழுக்கத் தெரியும்:
அவள் பசு நின்று தண்ணீர் குடித்த
அதே முப்பதடி.

மூன்றாவது கம்பத்தின் தலையில் ஒரு ஓணான்.
வயிற்றின் நீலம் தெரிய
முன்னங்காலை ஊன்றி ஊன்றி எழுந்தது.
வேலிக்கு ஓணான் சாட்சி.
ஓணானுக்கு, வேறு வழியில்லாமல், நான்.

சங்கிலி மாட்டிப் பிடுங்கினால்
ஒரு கம்பத்துக்கு இரண்டு நிமிடம்.
சக்கையோடு சக்கை.
காசு கொடுப்பவர் அவர்தானே.
கொஞ்ச நேரம் நின்றேன்,
கொஞ்சம் என்று இப்போது சொல்கிறேன்.

புது போல்ட் மாட்டி
கம்பங்களுக்கு இரண்டு சாண் விட்டு
இந்தப் பக்கம் மட்டும் அடித்தேன்.

நாலு மணிக்குப் புதர் இருந்த இடத்தில் வெளிச்சம்.
பதினேழு கம்பங்கள். யார் வேண்டுமானாலும் எண்ணலாம்.
அக்கரைக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அல்மெடா
ஒரு போர்வையைப் பாதி மடித்தபடி நின்றாள்.

ஹாஸ்கெட் வண்டியிலிருந்து இறங்கவில்லை.
"முழுசான்னு சொன்னேனே."
"கம்பி இருந்தது" என்றேன்.

எஞ்சினை அணைத்தார்.
அப்போதுதான் ஓடையின் சத்தம் கேட்டது,
நாள் முழுக்க அங்கேயே இருந்திருக்கிறது.

ஆறு மணி நேரம் என்று எழுதி,
கம்பி அறுத்த ஒரு மணியைக் கழித்து
ஐந்து என்று நீட்டினேன்.
செக்கில் ஆறுக்குப் போட்டிருந்தார்.
"அந்தத் தண்ணி..." என்றார்.
முடிக்கவில்லை.

டிராக்டரை ஏற்றிக் கட்டிப் புறப்பட்டேன்.
பக்கக் கண்ணாடியில் தெரிந்தார்:
முதல் கம்பத்தில் கை வைத்து,
பிறகு இரண்டாவதில்.
அசைத்துப் பார்க்கிறாரா, எண்ணுகிறாரா,
வளைவு வருவதற்குள்
தெரியவில்லை.