வராதே என்னும் விளக்கு

கொலாபா முனைக்குத் தெற்கே
கடல் தன் பற்களை மூடி வைத்திருக்கும் இடம்.
வற்றத்தில் மட்டும் தெரியும்.

பேட்டரி மாற்ற வருடத்துக்கு இருமுறை போகிறேன்.
படகு ஹரேஷ்வர் நாக்வாவுடையது.
காசு முன்கூட்டியே. பேச்சு இலவசம்.

முதல் அடையாளம் எதுவென்று கேட்டேன்.
"கப்பல்தான்" என்றார்.
மோதி அமிழ்ந்த ஒன்றின் பாய்மரம்
ஒரு மழைக்காலம் முழுக்க நீட்டிக்கொண்டிருந்ததாம்.
அதைப் பார்த்து மற்றவை விலகிப் போயினவாம்.
அடுத்த மழையில் அது விழுந்தது.
அப்புறம் இன்னொரு கப்பல்.

அதற்குப் பின்னால்தான் காகிதங்கள் தொடங்குகின்றன.
அலுவலக அலமாரியில் பார்த்திருக்கிறேன்:
நட்ட கம்பம், உச்சியில் தார் பூசிய பீப்பாய்.
ஆடியில் போனது.
இரும்புக் கூடை. அதுவும்.
பிறகு நங்கூரமிட்ட விளக்குப்படகு;
அதிலிருந்த ஐவரில் மூவர்
ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்று
ஒரு பக்கம் முழுக்கப் புகார்.
கடைசியில் கல்கோபுரம்.
மண்ணெண்ணெய்க் கணக்கு, திரிக் கணக்கு,
பூனைக்கு வாங்கிய பால் நாலணா
சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருக்கிறது.
பூனை இருந்ததென்று
அந்தக் கோட்டுக்கு அடியில்தான் தெரிகிறது.

இப்போது யாரும் இல்லை.
சூரியத் தகடு. இருட்டினால் தானே எரியும்.
படியெல்லாம் கடற்பறவை எச்சம்.

ஒருமுறை ஓதம் ஏறி
இரவு அங்கேயே மாட்டிக்கொண்டோம்.
மேலிருந்து பார்த்தால் நகரம்
விளக்குகளையெல்லாம் வா வா என்று
கொட்டி வைத்திருக்கிறது.
இது ஒன்றுதான் வராதே என்கிறது,
பத்து நொடிக்கு ஒருமுறை,
கோபமில்லாமல்.

அப்பா தாதரில் இறங்கிய வருடம்
சுவரெல்லாம் அதே சொல் எழுதியிருந்ததாம்,
கோபத்தோடு.
அவருக்கு மராத்தி வாசிக்கத் தெரியாது.
வழி கேட்டுக் கேட்டுத்
தாராவிக்குப் போய்விட்டார்.

நாக்வாவுக்கு இந்த விளக்கு தேவையில்லை.
ஒவ்வொரு பாறைக்கும் அவர்களிடம் பெயர் உண்டு:
மாமியார், கடன்காரன், மூக்கறுத்தவள்.
இருட்டில் நீர் உரசும் சத்தம் கேட்டே
"கடன்காரன் வந்துட்டான்" என்று
சுக்கானைத் திருப்புவார்.
வரைபடத்தில் அவை வெறும் எண்கள்.

புதிய பேட்டரியை மாட்டியதும்
உணர்கண்ணை உள்ளங்கையால் மூடிப் பார்ப்பேன்.
இரவு வந்துவிட்டதென்று நம்பிவிடும்.
எரியும்,
மதியம் இரண்டு மணிக்கு
யாருமற்ற கடலைப் பார்த்து
வராதே, வராதே என்று.

கையை எடுக்க
ஒவ்வொரு முறையும்
கொஞ்சம் தாமதிக்கிறேன்.