சிவப்பு அம்பு

பேர்ணாம்பட்டு ஷூ கம்பெனியில்
என் வேலை பழுது பார்ப்பது.
சரிசெய்வதல்ல, பார்ப்பது மட்டும்.
வரிசையில் வரும் ஜோடியைத் திருப்பி
கட்டைவிரலால் தோலைத் தடவுவேன்.
ஆடு உயிரோடிருந்தபோது உரசிய முள்வேலி,
உண்ணி கடித்த தடம்,
ஒரு தையல் தள்ளிப்போன இடம்.
கண்டதும் சிவப்பு அம்பு ஒட்டுவேன்,
முனை பழுதைக் காட்டும்படி.

தீபாவளி போனஸில் குடியாத்தம் போய்
பழைய டேப்லெட் ஒன்று வாங்கினோம்.
மூலையில் முடியளவு விரிசல்.
கடைக்காரர் மறைக்குமுன் நானே கண்டு
முந்நூறு குறைத்தேன்.

மூன்றாம் வாரமே
"இடம் போதவில்லை" என்றது.
ஒண்டிக்குடித்தனத்தில் நாலு பேர்,
எங்களிடமே வந்து சொல்கிறது.
யாபேசுக்கு ஏழு வயது, எமீமாவுக்கு மூன்றரை.
யார் எதை ஏற்றினார்களோ,
திரை முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள்.

ஞாயிறு இரவு. பிள்ளைகள் தூங்கியாச்சு.
தயாளன் வாணியம்பாடிக்கு லோடு ஏற்றிப் போயிருக்கிறார்.
மின்விசிறி வெந்நீர் தெளிப்பதுபோல் சுற்ற,
வரிசையைத் திறந்தேன்.

பலூன் உடைக்கும் ஆட்டம்.
நாலாவது பலூனுக்குள் ஒரு கடை.
மூடுகிற பெருக்கல் குறி கடுகளவு,
எமீமாவின் விரலுக்கு அகப்படாது.
அம்பு.

தமிழ் சொல்லித்தரும் கிளி
"வாளப்பளம்" என்றது.
எங்கள் தெருவில் "வாயப்பயம்"தான், அது வேறு.
அதற்கு யாரும் மாதச் சந்தா கட்டுவதில்லை.

கணக்கு ஆட்டத்தில்
தப்பாய்ச் சொன்னால் கரடி தேம்பி அழுகிறது.
யாபேஸ் ஏன் எப்போதும்
ஏழும் ஐந்தும் பதினொன்று என்கிறான்
என்பது இப்போதுதான் புரிந்தது.

வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்று
என் தொடர்பு எண்களையெல்லாம் கேட்டது.
யானைக்குச் சாம்பல் நிறம் பூச
சூப்பர்வைசர் நம்பர் எதற்கு?

அப்புறம் ஒரு வெறும் வெள்ளைப் பக்கம்.
விரல் போன வழி கோடு.
பாட்டில்லை, நட்சத்திரமில்லை,
சபாஷ் என்று யாரும் கத்தவில்லை.
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
தையலில் குறை சொல்ல முடியவில்லை.
எமீமா விட்டுப்போன கோணல் வட்டம் ஒன்று
பதினொரு காலோடு நின்றது.
இது இருக்கட்டும்.

அடுத்தது பூனை. பசிக்கிறது என்றது.
சோதனைக்காகத்தான் ஒரு மீன் போட்டேன்.
இன்னும் ஒன்று கேட்டது.
பிறகு கிண்ணம் கேட்டது, குளிருகிறது என்றது.
நிமிர்ந்தபோது மணி ஒன்றரை.
பூனையின் தலையில்
நான் வாங்கிக் கொடுத்த மஞ்சள் தொப்பி.
இதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று
நகர்ந்தேன்.

கடைசிப் பக்கத்தில் ஓர் உறை.
"லோடு" என்று பெயர் வைத்திருந்தார் தயாளன்.
உள்ளே லோடு இல்லை,
ரம்மி.
போன தொகையைப் பார்த்தேன்.
பெரிதென்று சொல்ல மாட்டேன்.
எமீமாவுக்கு இரண்டு ஜோடி ஷூ,
அதுவும் எங்கள் கம்பெனித் தள்ளுபடி விலையில்.

ஒரு விரல் அழுத்தினால் போய்விடும்.
அழுத்தவில்லை.
செக்கர் பழுதைக் காட்டலாம், கிழிக்கக்கூடாது,
சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.
கைப்பையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்த அம்பை எடுத்து
கண்ணாடிமேல் ஒட்டினேன்,
முனை சரியாய் அந்தச் சதுரத்தில்.
திரை அணைந்த பிறகும் அது தெரிந்தது.

விடிந்து ஆறே கால்.
ஏரிக்கரை வளைவில் கம்பெனி பஸ் ஹாரன்.
எப்போது வந்தாரோ,
தயாளன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்,
தூங்குகிறவரின் மூச்சு அப்படி இருக்காது.
தலைமாட்டில் டேப்லெட். கண்ணாடியில் அம்பு இல்லை.

டிபன் டப்பாவை மூடும்போது
எமீமா பாவாடையை இழுத்தாள்.
அம்பு அவள் கன்னத்தில்,
முனை என்னைப் பார்த்து.

"பூனைக்கு யாரும்மா
தொப்பி வாங்கினது?"