துடுப்பும் நகமும்

புதுச்சேரி ஞாயிற்றுச் சந்தையில்
பழைய சார்ஜர்களுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே
இந்த ஆமை கிடந்தது.
“அரிக்கமேட்டுல எடுத்தது மேடம். யவனக் காசு.”
முந்நூறு சொன்னான், நூற்றிருபதுக்குக் கொடுத்தான்.
அரிக்கமேட்டில் யவனச் சரக்கு இறங்குவதற்கு
முந்நூறு வருஷம் முன்பே
இந்தக் காசின் ஊரைக் காலி செய்துவிட்டார்கள்
என்று நான் சொல்லவில்லை.
பேரம் கெட்டுவிடும்.

திங்கட்கிழமை, கடலூர் முதுநகர்க் கிளை.
நகை நிறுக்கும் தராசில் வைத்தேன்.
எட்டு கிராம், ஐந்நூற்று நாற்பது மில்லி.
அசலென்றால் பன்னிரண்டைத் தாண்டியிருக்கும்.
உரைகல்லில் ஒரே ஒரு இழுப்பு,
பூச்சு விலகி வெள்ளீயம் பல்லிளித்தது.
போலி என்று தெரிந்த பிறகுதான்
நிதானமாகப் பார்க்க முடிந்தது.

மேலாளர் கோதண்டபாணி எட்டிப் பார்த்தார்.
“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்...”
“அமீனாவை அனுப்புறதே நாமதானே சார்.”
டீ குடிக்கப் போய்விட்டார்.

ஏஜினா.
வரைபடத்தில் நகக்கண் அளவுத் தீவு.
கல்லும் காற்றும் தின்றது போக
விளைந்தது கொஞ்சம். ஆகவே கப்பல்.
எகிப்து வரை போனார்கள்,
போன இடமெல்லாம் வெள்ளி பேசியது.
வெள்ளியின் மேல் ஒரு கடலாமை,
வழவழத்த ஓடு,
நடுமுதுகில் முத்துக் கோத்தாற்போல் புள்ளி வரிசை,
நாலு துடுப்பும் விரித்து
காசின் விளிம்பைத் தள்ளிக்கொண்டு.

முதுகெல்லாம் குத்து.
கைமாறிய துறைதோறும் ஒரு சந்தேகப் பேர்வழி
உளி வைத்துப் பார்த்திருக்கிறான்,
உள்ளேயும் வெள்ளிதானா என்று.
அவனுக்கும் எனக்கும் ஒரே உத்தியோகம்.
அவனுக்கும் மதியச் சாப்பாடு ஆறிப்போயிருக்கும்.

எதிர்க்கரையில் ஏதென்ஸ்.
எங்கள் துறைமுகத்துக் கண்ணில் இது பீளை என்றான்
அங்கே ஒருவன், தீவைக் காட்டி.
முதலில் கப்பல்களைப் பிடுங்கி
மதிலை இடித்து
கப்பம் கட்டச் சொன்னார்கள்.
அப்புறம் ஒரு கோடையில்
பெண்டு பிள்ளைகளோடு எல்லாரையும்
ஏற்றி அனுப்பினார்கள்.
பீளை போயிற்று.

இந்த இரண்டுக்கும் இடையில் எப்போதோ
காசில் ஆமை மாறியது.
ஏனென்று யாரும் எழுதி வைக்கவில்லை.
என்னுடையது முந்தியதா பிந்தியதா?
மட்டமான வார்ப்பு. லென்ஸ் வைத்தும் பிடிபடவில்லை.

பதினொன்றரைக்கு இருசம்மாள் வந்தாள்.
ஊர் சோனாங்குப்பம்;
இப்போது உள்ளே, சுனாமி குடியிருப்பு.
முந்தானை முடிச்சில் ஒரு ஜோடித் தோடு,
விரலில் இன்னும் சங்கரா வாடை.
மேஜையைப் பார்த்துச் சொன்னாள்:
“இது தரையாமை.”

“எப்படித் தெரியும்?”

“காலைப் பாருங்க, நகம் இருக்குது.
பங்குனி ஆமைக்குத் துடுப்புல்ல இருக்கும்.
முதுகுகூட கட்டங்கட்டமா...
இது கொல்லைப் பக்கம் மேயறது.
எங்க வலைக்கு வராது.”
சொல்லிக்கொண்டே
கழன்று விழுந்த திருகாணியைத் தேடிக் குனிந்தாள்.

அப்படியானால் பிந்தியது.
கடல் கையை விட்டுப் போன பிறகு
அடித்த காசு.

மூன்று கிராம் இருநூறு, கல் கழித்து.
விலாசம் கேட்டேன்.
“கடக்கரைத் தெ...” என்று தொடங்கி
நாக்கைக் கடித்தாள்.
“சி பிளாக்கு, நாப்பத்திரண்டு.
ரேஷன் கார்டுல அப்படித்தான் இருக்கு.”
எழுதினேன்.
“அங்க அலை கேக்குமா?”
“ஃபேன் போட்டா கேக்குற மாதிரி இருக்கும்.
கரண்டு போனா
தூக்கம் போயிடும்.”

தலைக்கு மேல் விசிறி சுழன்றது.
கைநாட்டு காயாத ரசீது பறக்கப் பார்த்தது.
ஆமையை எடுத்து அதன்மேல் அழுத்தி வைத்தாள்,
வைத்ததை லேசாகத் திருப்பினாள்,
தலை கிழக்கே பார்க்கும்படி.