வேறு எதற்கும் ஆகாது

முனீஸ்வரன் கோயில் தெருவில்
உதுமான் கடைக்கு மேல்மாடி, வாடகை நாலாயிரம்.
கீழே வீடுகளின் பாகங்கள் விற்பனைக்கு:
கதவில்லாத நிலை, போதிகை இல்லாத தூண்,
பாதரசம் பாதி உதிர்ந்த பெல்ஜியம் கண்ணாடி.
மேலே நான்
ரயில்களின் பாகங்களுக்கு எண் தேடுகிறேன்.

அச்சுக்கு ஓர் எண். சக்கரத்துக்கும் அதே.
பிரேக்குக்கு அடுத்தது.
எண்பத்தாறாம் அத்தியாயம் ரயில்காரர்களின் தெரு;
எல்லா உருப்படியும் அங்கே குடியேறிவிட முடியாது.
தெருமுனையில் ஒரு குறிப்பு நின்று மறிக்கிறது:
போல்ட்டே, ரயிலுக்கென்றே பிறந்திருந்தாலும்
நீ போல்ட்தான், எழுபத்து மூன்றுக்குப் போ.
வாஷரே, உன்னை எதில் செய்தார்களோ அங்கே போ.
பேரிங், உனக்குத்தான் எண்பத்து நான்கில் சொந்த வீடு இருக்கிறதே.

கோயில் புள்ளிக் கணக்கைவிடக் கறாரானது.

இந்த முறை வந்தது ஒரு ஸ்பிரிங்.
ரப்பரும் எஃகும் அடுக்கடுக்காய் ஒட்டி,
கந்தரப்பம் மேல் கந்தரப்பம் வைத்து அழுத்தினாற்போல்.
பெட்டிக்கும் சக்கரத்துக்கும் நடுவே உட்கார்ந்து
தண்டவாளத்தின் கோபத்தை
மேலே இருப்பவர்களுக்குச் சொல்லாமல் விழுங்குவது.
ரயில் பாகம் என்று எழுதினேன்.
தூத்துக்குடியில் இறங்கிய இரண்டு கண்டெய்னர்
வரி கட்டி வெளியே போனது.
எட்டு மாதம் கழித்து நோட்டீஸ்:
இது ரப்பர் சாமான். நாற்பதாம் அத்தியாயம்.
வித்தியாசம் பதினேழு லட்சத்துச் சொச்சம், வட்டி தனி.

கோயம்புத்தூரிலிருந்து தெய்வசிகாமணி
நாளைக்கு மூன்று தரம் கூப்பிட்டார்.
"ரயில்ல மாட்டுறத ரயில் பாகம்னு சொல்றதுக்கு
எதுக்குங்க மேடம் பதினாறு பக்கம்?"
அதையே முதல் வரியாக எழுதிப் பார்த்தேன்.
பிறகு அடித்துவிட்டேன்.

விசாரணை வீடியோவில்.
அதிகாரிக்கு எந்த ஊரென்று தெரியாது.
அவர் பின்னால் ஒரு காலண்டர், போன மாதத்தில் நின்றிருந்தது.
வரைபடம் காட்டினேன், ரயில்வே ஒப்புதல் கடிதம் காட்டினேன்.
"ரப்பர் மட்டும் இருந்தால் பிதுங்கிவிடும் சார்,
எஃகு மட்டும் இருந்தால் உதறும்,
ரெண்டும் சேர்ந்தால்தான் இது இது."
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"சரி, இதை வேறு எதற்காவது பயன்படுத்த முடியுமா?"

அதுதான் கேள்வி.
மற்றதெல்லாம் அதற்குப் போட்ட பந்தல்.

ஜன்னல் திறந்திருந்தது.
இடத்தை அடைக்கிறதென்று மார்ச்சில்
நான் உதுமானிடம் கொடுத்துவைத்த சாம்பிள்
கீழே ஏழடி பர்மாத் தேக்குக் கதவுக்கு
முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தது.
சுவரில் சாய்த்த கதவு, எந்த வீட்டுக்கும் திறக்காதது.
லாரி ஒன்று போனது. கதவு அதிர்ந்தது.
ஸ்பிரிங் தன் வேலையைப் பார்த்தது.

"முடியாது" என்றேன்.
லேப்டாப்பைச் சற்றே சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு
"பிரதானமாக" என்று சேர்த்தேன்.
சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு இடமிருக்கிறது.
அவர் குறித்துக்கொண்டார்.

சாயங்காலம் இறங்கிப் போய்
கதவுக்கு ஒரு செங்கல்லை அண்டக்கொடுத்துவிட்டு
அதைத் தூக்கினேன். பதினொரு கிலோ.
"வெளிநாட்டுக்காரி ஒருத்தி வெல கேட்டுட்டுப் போனா,
என்னன்னு சொல்லட்டும்?" என்றார் உதுமான்.
அது என்னவென்றே இன்னும் முடிவாகவில்லை என்றேன்.
"இங்கன எதுக்கு முடிவாயிருக்கு" என்று
தூணுக்குத் தூசி தட்டினார்.
ரிசார்ட்டில் அதை அறுத்து
விளக்கு வைக்கப்போகிறார்களாம்.

உத்தரவு வரவில்லை.
வேறு வேலையாக நேற்று விடியுமுன் பல்லவன் பிடித்தேன்.
கோட்டையூர் தாண்டி, செட்டிநாடு ஸ்டேஷன் தாண்டி,
டீயின் விளிம்பில் ஒரு வளையம் எழும்பிச்
சிந்தாமல் அடங்கியது.
எதிர் சீட்டுக்காரர் வாய் திறந்து தூங்கினார்.
செருப்பைக் கழற்றி
வெறுங்காலைத் தரையில் வைத்தேன்.
திருமயம் வரைக்கும் எடுக்கவில்லை.