வட்டம் போட்டவன்

அந்த வட்டத்தைப் போட்டவன் நான்தான்.
ஐந்து ரோட்டில், பல் டாக்டருக்கு மேல் மாடியில்
ஏ.சி. ஒழுகும் எடிட்டிங் அறை.
ஜங்ஷனில் குண்டு வெடித்து நாலு மணி நேரம்.
கையில் இருந்தது
மூன்றாவது பிளாட்பாரத்தின்
பதினோரு நொடிக் காட்சி.
அதை வைத்து விடியும்வரை ஓட்டவேண்டும்.

"யாரையாவது சுத்திக் காட்டு" என்றார் குலோத்துங்கன் சார்.
"யாரை சார்?"
"யாரையாவது. பாக்கறவன் கண்ணு
எங்கயாவது நிக்கணும்ல."

எல்லாரும் ஒரே பக்கம் ஓடினார்கள்.
ஒருவன் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பினான்,
தோளில் நீலப் பை.
எட்டு பிக்ஸல் தடிமன், சுத்தச் சிவப்பு,
மூன்று முறை மின்னி நிற்கும்.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்தேன்.
கேள்விக்குறி இருந்தால் கேஸ் நிற்காது.

கீழே இறங்கி ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டேன்.
பீட்ரூட் விரலில் ஒட்டியது.
அன்றைக்கு அதைப் பார்த்து எதுவும் தோன்றவில்லை,
தோன்றியதாகச் சொன்னால் பொய்.

விடிவதற்குள் வட்டம் ஏற்காடு ஏறிவிட்டது,
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
எங்கேயும் பிரேக் போடாமல்.
காப்பித் தோட்டத்தில் சிக்னல் எடுக்கும் ஒரே பாறைமேல்
ஏழெட்டுப் பேர் ஏறி நின்று பார்த்தார்களாம்.
செவ்வாய்ப்பேட்டை மண்டியில் அவன் எல்லை தாண்டி வந்தவன்.
அஸ்தம்பட்டியில் காலை நடைக்குப் போகிறவர்களுக்கு
அரசாங்கமே அனுப்பிய ஆள்.
கொண்டலாம்பட்டி தாண்டினால் குண்டே வெடிக்கவில்லை;
ரத்தம் கலர்ப்பொடி,
செத்த ஐந்து பேரும் கூலிக்கு நடித்தவர்கள்.

அந்த ஐந்தில் ஒருவர் முறுக்கு விற்ற மாதையன்.
பதினாறாம் நாள் காரியத்தன்று
இரண்டு பேர் போனைத் தூக்கிப் பிடித்தபடி
பாவாயியிடம் கேட்டார்கள்:
"உங்க வீட்டுக்காரர் இப்ப எங்க இருக்கார்?"
அவள் சுவரில் மாலை போட்ட படத்தைக் காட்டினாள்.
மாலை ரொம்பப் புதுசா இருக்கே என்றார்கள்.

என் மைத்துனன் வேந்தன்
என் வட்டத்தை எனக்கே அனுப்பினான்,
பலமுறை பகிரப்பட்டது என்ற முத்திரையோடு.
புதிதாக ஓர் அம்பு முளைத்திருந்தது.
கேள்விக்குறி
வழியில் எங்கோ உதிர்ந்துபோயிருந்தது.

அவன் பெயர் அர்த்தனாரி.
ஆத்தூர் ரோட்டு சேகோ ஆலையின் சாம்பிள்காரன்.
பையில் ஜவ்வரிசி மூன்று ரகம், ஒரு கிலோ மாவு.
போலீஸ் இரண்டே நாளில் சொல்லிவிட்டது.
வெள்ளைப் பொடி என்பது மட்டும்
ஊர்க் காதில் விழுந்தது.
எதிர்ப்பக்கம் ஏன் திரும்பினான்?
தண்ணீர்க் குழாயடியில் ஒரு அம்மா விழுந்து கிடந்தார்.
அவரை அவன் தூக்கியது
பன்னிரண்டாவது நொடியில்.

"அந்த வட்டம் நான் போட்டது வேந்தா,
சும்மா போட்டது."
அவன் கதவைச் சாத்தினான். குரலைத் தாழ்த்தினான்.
"எவ்வளவு மாமா குடுத்தாங்க உங்களுக்கு?"

அடுத்த வாரம் என் படமும் வந்தது,
ஆபீஸ் அட்டையில் இருப்பது,
சுற்றிலும் கோணலாக ஒரு மஞ்சள் வட்டம்.
பத்து பிக்ஸல் இருக்கும் என்று
மனசு முதலில் அதைத்தான் அளந்தது.

போன மாதம் புது பஸ் ஸ்டாண்டில் அர்த்தனாரியைப் பார்த்தேன்.
மீசை இல்லை.
இப்போது அவன் பை
உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக்.
நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு
தானாகவே முடிச்சை அவிழ்த்தான்,
நாளைக்குப் பத்துத் தரம் அவிழ்த்துப் பழகிய கை.
"ஜவ்வரிசிங்க. வேணும்னா
வாயில போட்டுப் பாருங்க."

நான் யாரென்று சொல்லவில்லை.
நாலு மணி வாங்கி வாயில் போட்டேன்.
அவன் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்,
விழுங்குகிறேனா என்று.
வேகாத ஜவ்வரிசி,
கல் மாதிரி. பிறகு
பல்லில் ஒட்டிக்கொண்டு
வீடு போய்ச் சேரும்வரை வரவில்லை.