பதினாலு சதவீதம்

முதலில் சட்டை கொடுத்தார்கள்.
தோளுக்கு மூன்று நட்சத்திரம், பின்னிய சிவப்புக் கயிறு, விசில்.
பதினேழு வருடத்தில் நாயக்குக்கு மேல் போகாதவனை
தெற்குமாசி வீதி ஜவுளிக்கடை
ஒரே மத்தியானத்தில் கேப்டனாக்கிவிட்டது.

ஷூ என்ன சைஸ் என்றான் சூப்பர்வைசர்.
எட்டு என்றேன்.
இடது காலுக்கு ஆறு போதும் என்று சொல்லவில்லை.

ஏழு மாதம் வேலையில்லை.
பைபாஸ் ரோட்டில் ஏடிஎம்மைப் பெயர்த்துக்கொண்டு போனவர்கள்
என் நாற்காலியையும் அதே வண்டியில் ஏற்றினார்கள்.
பென்ஷன் வருகிறது,
வந்த கையோடு மகளின் ஃபீஸுக்கும்
உசிலம்பட்டி வட்டிக்காரருக்கும் போகிறது.

பனிமலையில் விட்டது இரண்டு விரல்.
மெடிக்கல் போர்டு பதினாலு சதவீதம் என்று எழுதியது.
இருபதுக்குக் கீழே காசு கிடையாதாம்.
மீதி ஆறு
இன்னும் ஒரு விரலாக இருக்கும்.
இன்னும் ஒரு மணி நேரம் அங்கே நின்றிருக்கலாம்.

பவுனுத்தாய் பழைய வேட்டியைக் கிழித்து
இரண்டு உருண்டை சுருட்டி ஷூ முனையில் திணித்தாள்.
இது பெருவிரல், இது அதுக்கு அடுத்தது என்று
பேர் சொல்லித்தான் வைத்தாள்.
புதன்கிழமை டாக்டர் சொன்னதை அவளும் கேட்டாள்:
சுகர் முன்னூத்திப் பத்து, ரொம்ப நேரம் நிக்காதீங்க.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சாப்பாட்டுத் தூக்கில் சோற்றைக் குறைத்திருந்தாள்.

வாசலில் சித்திரை வெயில்.
தார் இளகி ஆட்டோ டயரில் ஒட்டுகிறது.
இருக்கிற எட்டு விரலும் மரத்துப்போய்
எதுவும் சொல்வதில்லை.
இல்லாத இரண்டுதான்
குளிருது குளிருது என்கின்றன.

கஸ்டமர் வந்தால் எப்படி சல்யூட் அடிப்பது என்று
சூப்பர்வைசர் காட்டிக்கொடுத்தான்.
இரண்டு பேட்ச் பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது அது.
முழங்கை தொங்க, விரல் விரிய
அவன் காட்டினபடியே அடித்தேன்.
முகூர்த்தப் பட்டெடுக்க வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள்.
ஒரு குழந்தை திருப்பி அடித்தது,
அது கொஞ்சம் சரியாக இருந்தது.

ஒன்பதரைக்கு ஷட்டர் பாதி இறங்கியது.
கூட்டித் துடைக்கிற ராக்கு கேட்டாள்:
அண்ணே, வெத்தலை எச்சிய மிதிச்சிட்டீகளா?
வாசலிலிருந்து பில் கவுண்டர் வரைக்கும்
ஒற்றைக்கால் தடம், சிவப்பாக.

ஆமாம் என்றேன்.
அவளிடம் மாப்பை வாங்கி நானே துடைத்தேன்.
வெள்ளை டைல்ஸ்.
துடைக்கத் துடைக்க
இடது பக்கம் ஒன்று கூடிக்கொண்டே வந்தது.